“தணிக்கை” என்ற சொல்லுக்குப் பின்னிய மொழியில் ஈடான சொற்கள் எவை?

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பின்லாந்தின் தம்பெரே நகரில் வசிக்கிறேன். இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழ்–பின்னிய மொழிச் சொற்கோவை ஒன்றைச் சிலருடன் சேர்ந்து தொகுத்து வருகிறேன். “தணிக்கை” என்ற தலைச்சொல்லுக்கு வந்தபோது பணி நின்றுவிட்டது. அகராதிகள் “சென்சூரி” என்ற ஒரே சொல்லைத் தருகின்றன. ஆனால் பின்லாந்தின் பத்திரிகை வரலாற்றையும் திரைப்பட வரலாற்றையும் படிக்கும்போது, நாம் தணிக்கை என்று சொல்லக்கூடிய இடங்களில் “தர்கஸ்துஸ்” என்ற வேறொரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அது போதாதென்று, நம்முடைய “தணிக்கை” கணக்குச் சரிபார்ப்பையும் குறிக்கிறது. ஒரு செய்தியையோ நூலையோ படத்தையோ வெளிவராமல் தடுத்தலும் திருத்தி வெளியிடுதலும் என்ற பொருளில் பின்னிய மொழியில் வழங்கும் சொற்கள் எவை, அவற்றுக்குள் வேறுபாடு என்ன என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சொல்லாய்வன் எழுதியது:

வணக்கம். முதலில் அகராதிச் சொல்லின் குடும்பத்தைப் பார்த்துவிடுவோம்.

“சென்சூரி” என்பது பெயர்ச்சொல். தணிக்கை என்ற ஏற்பாட்டையும் நிறுவனத்தையும் குறிக்கும். “சென்சுரொய்தா” என்பது வினை, தணிக்கை செய்தல். அவ்வினையிலிருந்து பிறந்த “சென்சுரொயின்தி” என்பது செயலை மட்டும் குறிக்கும் தொழிற்பெயர். ஓர் அரசு தணிக்கை முறையைக் கொண்டுவந்தது என்று எழுத “சென்சூரி” வேண்டும். ஒரு கட்டுரையின் மூன்றாம் பத்தியை வெட்டியதைச் சொல்ல “சென்சுரொயின்தி” பொருந்தும். புள்ளியியலில் முழுமையாகக் கவனிக்கப்படாத தரவைக் குறிக்கவும் இதே வினையின் எச்சமான “சென்சுரொயித்து” வழங்குகிறது. அந்தப் பொருளுக்கும் கருத்தடக்குதலுக்கும் தொடர்பில்லை என்பதால் சொற்கோவையில் தனி எண் கொடுத்துப் பிரித்துவிடலாம்.

தணிக்கை செய்யும் அலுவலர் “சென்சொரி”. இங்கே கொஞ்சம் கவனம் தேவை. வெப்பத்தையோ அசைவையோ உணரும் கருவியான சென்சாரும் பின்னிய மொழியில் “சென்சொரி”தான். கருவிக்கு “அன்துரி” என்ற சொந்தச் சொல் இருந்தாலும் இரண்டும் வழக்கில் உள்ளன. தமிழிலும் சென்சார் என்று எழுதினால் இரண்டையும் குறிக்கும் என்பதால், மாணவர்களுக்குத் தணிக்கையாளர் என்றே எழுதிக் காட்டுங்கள்.

இச்சொற்களின் மூலம் இலத்தீன். பண்டைய ரோமில் “சென்சொர்” என்ற பதவியை வகித்தவர் குடிமக்களையும் அவர்களின் உடைமைகளையும் கணக்கெடுத்தார். அவர்களின் ஒழுக்கத்தையும் கண்காணித்தார். கணக்கும் கண்காணிப்பும் ஒரே கையில் இருந்தன. ஆகவே “தணிக்கை” இரு பொருள் தாங்கி நிற்பதில் வியப்பில்லை.

பனைநிழல் எழுதியது:

சொல்லாய்வன் ஐயா சொன்ன கடைசிக் கருத்தில் ஒரு திருத்தம் வேண்டும். இரு பொருளும் ஒரு சொல்லில் நிற்பது தமிழ்நாட்டு வழக்கு. இலங்கையில் கணக்குச் சரிபார்ப்பு “கணக்காய்வு” ஆகும். அரசின் உயர் அலுவலரைக் கணக்காய்வாளர் நாயகம் என்கிறோம். தணிக்கை என்றால் எங்களுக்குச் செய்தித் தணிக்கைதான். போர்க்காலங்களில் அச்சொல்லுடன் வாழ்ந்தவர்களுக்கு அதில் கணக்குப் புத்தகத்தின் சாயலே தோன்றாது. உங்கள் சொற்கோவையைப் பயன்படுத்தப்போகும் பிள்ளைகளில் இலங்கைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால், கணக்குப் பொருளுக்குக் கணக்காய்வு என்ற சொல்லையும் தலைச்சொல்லாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குரிய பின்னியச் சொல் என்ன?

பழைய ஏடு எழுதியது:

பனைநிழல் கேட்ட சொல் “திலின்தர்கஸ்துஸ்”. “திலி” என்றால் கணக்கு. “தர்கஸ்துஸ்” என்றால் சரிபார்த்தல், பார்வையிடல். துல்லியம் என்று பொருள்படும் “தர்க்கா” என்ற சொல்லடியில் பிறந்தது. ஏரிக்கரை அம்மா கேட்ட சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கணக்குத் தணிக்கையும் “தர்கஸ்துஸ்”. திரைப்படத் தணிக்கையும் “எலொகுவாதர்கஸ்துஸ்”. தமிழ்நாட்டு வழக்கும் பின்னிய வழக்கும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே தடத்தில் நடந்திருக்கின்றன.

“தணிக்கை” என்பது “தணி” என்ற தமிழ் வினையிலிருந்து பிறந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். சூட்டைத் தணிப்பதுபோல் கருத்தின் வேகத்தைத் தணிப்பது என்று விளக்கமும் தருகிறார்கள். தெலுங்கில் “தனிகீ” என்றால் சோதனையிடல், கன்னடத்தில் “தனிகெ” என்றால் விசாரணை என்பதை அவர்கள் நோக்க வேண்டும். வருவாய் நிர்வாகத்தின் வழியே தென்னிந்திய மொழிகளில் பரவிய அலுவலகச் சொல் இது. பார்வையிடுதலே அதன் முதற்பொருள்; அடக்குதல் பிறகு வந்து ஏறியது. “தர்கஸ்துஸ்” என்பதற்கும் இதுவே நேர்ந்தது.

பின்லாந்து வரலாற்றில் இச்சொற்கள் எப்படி நடந்தன என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் வரலாறு தெரியாமல் மொழிபெயர்ப்பைத் தேர்ந்துகொள்ள முடியாது. 1766 இல் பின்லாந்து சுவீடன் அரசின் பகுதியாக இருந்தபோது பத்திரிகைச் சுதந்திர ஆணை பிறந்தது. அதற்காக நாடாளுமன்றத்தில் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் ஆன்டெர்ஸ் சுதேனியுஸ் என்ற பின்லாந்துப் பாதிரியார். அந்த ஆணை அரசியல் எழுத்துகளுக்கான முன்பார்வையை, அதாவது அச்சிடும் முன் அதிகாரிகள் பார்வையிடுவதை, நீக்கியது. சமய எழுத்துகளுக்கு அது தொடர்ந்தது. சில ஆண்டுகளிலேயே மூன்றாம் குஸ்தாவ் மன்னர் அந்தச் சுதந்திரத்தைச் சுருக்கிவிட்டார். 1809 இல் பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் வந்தபின், 1829 இல் தணிக்கைச் சட்டம் வந்தது. மெய்யியலாளர் ஜே. வி. ஸ்னெல்மன் குவோப்பியோ நகரில் நடத்திய “சைமா” என்ற ஏடு 1846 இல் நிறுத்தப்பட்டது.

எல்லாவற்றிலும் கொடியது 1850 ஆம் ஆண்டின் ஆணை. பின்னிய மொழியில் சமய நூல்களையும் பொருளாதாரப் பயனுள்ள நூல்களையும் தவிர வேறெதையும் வெளியிடக்கூடாது என்று அது விதித்தது. 1848 இல் ஐரோப்பா முழுவதும் எழுந்த கிளர்ச்சிகளின் கருத்துகள் உழவர்களின் காதுக்கு எட்டக்கூடாது என்பதே நோக்கம். சுவீடிய மொழி படித்த மேட்டுக்குடியினர் நாவல் படிக்கலாம். பின்னிய மொழி மட்டும் அறிந்த குடியானவர் படிக்கக்கூடாது. ஒரு கருத்தையோ ஒரு நூலையோ அடக்குவதை விட்டு, ஒரு மொழியையே அடக்கிய ஆணை இது. பின்லாந்தின் தேசியக் காவியமான “கலேவலா”வின் விரிவான பதிப்பு 1849 இல் வெளிவந்த மறு ஆண்டே இப்படி நடந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது. 1860 இல் அந்த ஆணை நீங்கியது. இதைத் தமிழில் எழுதும்போது தணிக்கை என்ற சொல் போதாது. தடை என்றுதான் எழுதவேண்டும். பின்னிய மொழியில் அதற்குரிய வினை “கியெல்தா”. அதற்குத் தடைசெய்தல், மறுத்துரைத்தல் என இரு பொருள்கள் உண்டு. இடம் பார்த்துக் கொள்ளவேண்டும்.

“சென்சூரி”யும் “தர்கஸ்துஸ்” குடும்பமும் ஒரே வரியில் கைகோத்து நிற்கும் சான்று ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது பின்லாந்தில் அஞ்சல்கள் திறந்து படிக்கப்பட்டன. அப்படிப் படிக்கப்பட்ட உறைகளில் “சொதாசென்சூரின் தர்கஸ்தமா” என்ற வாசகம் இருக்கும். “போர்த் தணிக்கையால் பார்வையிடப்பட்டது” என்று பொருள். நிறுவனத்தின் பெயர் சென்சூரி. அது செய்த வேலைக்குப் பெயர் தர்கஸ்துஸ்.

மெய்ப்பு நோக்குநர் எழுதியது:

பழைய ஏடு அவர்களின் விளக்கம் நிறைவாக இருக்கிறது. ஆனால் “தர்கஸ்துஸ்” என்று கண்ட இடமெல்லாம் தணிக்கை என்று பெயர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். பின்லாந்தில் பயணச்சீட்டுப் பரிசோதகருக்கு “லிபுன்தர்கஸ்தயா” என்று பெயர். மருத்துவரும் நோயாளியை அதே வினையால்தான் பரிசோதிக்கிறார். மொழிபெயர்ப்பாளர் தம் கருத்தை மூலத்தின் மேல் ஏற்றக்கூடாது. “வல்தியோன் எலொகுவாதர்கஸ்தமொ” என்பதற்கு “அரசுத் திரைப்படப் பார்வையிடல் அலுவலகம்” என்பதே நேர்மையான பெயர்ப்பு. அந்த அலுவலகம் தன்னைத் தணிக்கை அலுவலகம் என்று அழைத்துக்கொள்ளாதபோது நாம் ஏன் அழைக்கவேண்டும்?

பழைய ஏடு எழுதியது:

அந்தக் கவலையை மதிக்கிறேன். ஆயினும் பெயரோடு செயலையும் பார்க்கவேண்டும். அந்த அலுவலகம் 1946 இல் நிறுவப்பட்டது. வயது வரம்பு குறிப்பதோடு அதன் அதிகாரம் நிற்கவில்லை. வெட்டச் சொல்லலாம், முழுவதும் தடுக்கலாம். அயல்நாட்டு உறவுக்குக் கேடு விளைவிக்கும் என்ற காரணமும் சட்டத்தில் இடம் பெற்றிருந்தது. ரஷ்ய எழுத்தாளர் சோல்செனித்சினின் சோவியத் சிறைமுகாம் கதையைப் பின்லாந்தில் பிறந்த காஸ்பர் விரேத 1970 இல் படமாக்கினார். அது பின்லாந்தில் அந்தக் காரணத்தின் பேரில் தடுக்கப்பட்டது. ரென்னி ஹார்லின் 1986 இல் இயக்கிய “யாத்தாவா பொல்தே” என்ற படமும் சோவியத் ஒன்றியத்தைக் காட்டிய விதத்துக்காகத் தடையைச் சந்தித்து, வெட்டுகளுக்குப் பின்னரே திரைக்கு வந்தது. பக்கத்து வல்லரசின் மனம் நோகக்கூடாது என்பதற்காக ஒரு நாட்டின் குடிமக்கள் ஒரு படத்தைப் பார்க்க முடியாமல் போனால் அதற்குப் பெயர் பார்வையிடல் என்று எழுதுவது வாசகருக்கு உண்மையைச் சொல்லாமல் விடுவதாகும்.

இந்தியாவிலும் இதே நிலைதான். 1952 ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் கீழ் இயங்கும் வாரியத்தின் பெயரிலிருந்து தணிக்கை என்ற சொல் 1983 இல் நீக்கப்பட்டுச் சான்றளிப்பு என்ற சொல் சேர்க்கப்பட்டது. ஆயினும் நாளிதழ்களும் திரைத்துறையினரும் இன்றுவரை தணிக்கை வாரியம் என்றே சொல்கிறார்கள். மக்கள் வழக்கு செயலைப் பார்த்துப் பெயரிடுகிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். வயது வந்தோருக்கான படங்களை முன்கூட்டிப் பார்வையிடும் முறை பின்லாந்தில் 2001 இல் முடிவுக்கு வந்தது. 2012 தொடக்கத்தில் அந்த அலுவலகமே ஊடகக் கல்விக்கும் வயது வரம்புக்குமான மையமாக மாறியது. அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றி எழுதும்போது “வயதுவாரி வகைப்படுத்தல்” என்று எழுதுவதே சரி. அங்கே தணிக்கை என்று எழுதினால் மெய்ப்பு நோக்குநர் சொன்ன குற்றம் நம்மேல் விழும்.

மெய்ப்பு நோக்குநர் எழுதியது:

காலத்தைப் பிரித்துக் காட்டிய இந்த விளக்கத்தை ஏற்கிறேன். 2001 க்கு முந்தைய நிகழ்வுகளுக்குத் தணிக்கை என்றும், அலுவலகப் பெயரை முதன்முறை குறிப்பிடும்போது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பையும் சேர்த்து எழுதலாம். பயணச்சீட்டுப் பரிசோதகரையும் அதே பதிவில் எடுத்துக்காட்டாகத் தாருங்கள். இச்சொல்லின் அன்றாட முகத்தைப் பிள்ளைகள் முதலில் அறியட்டும்.

ஏரிக்கரை எழுதியது:

மிகவும் பயனுள்ள உரையாடல். இன்னொரு வகையையும் கேட்க விரும்புகிறேன். அரசு எதையும் தடுக்காமல், பதிப்பாளரும் ஆசிரியரும் தாமாகவே ஒதுக்கிவிடுவதற்குப் பின்லாந்தில் என்ன பெயர்? தமிழில் “இருட்டடிப்பு” என்கிறோமே, அதற்கு ஈடு உண்டா? இங்குள்ள முதியவர்கள் எழுபதுகளைப் பற்றிப் பேசும்போது அரசுத் தணிக்கை என்ற சொல்லை அரிதாகவே பயன்படுத்துகிறார்கள்.

சொல்லாய்வன் எழுதியது:

அந்த முதியவர்கள் சொல்லும் சொல் “இட்செசென்சூரி” ஆக இருக்கும். “இட்செ” என்றால் தான். ஆக, தன்தணிக்கை அல்லது சுயதணிக்கை. உர்ஹோ கெக்கோனென் 1956 முதல் 1982 வரை குடியரசுத் தலைவராக இருந்த காலத்துடன் இச்சொல் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கிறது. “சுவொமெத்துமினென்” என்பது அதன் உடன்பிறப்பு. சுவொமி என்றால் பின்லாந்து. மேற்கு ஜெர்மனியில் வழங்கத் தொடங்கிய ஒரு வசைச்சொல்லைப் பின்னியர் தம் மொழியில் ஆக்கிக்கொண்டது அது. வல்லரசுக்கு அஞ்சிப் பின்லாந்தைப்போல் வளைந்துகொடுத்தல் என்பது பொருள். தம் நாட்டின் பெயரே பிறருக்கு வசையானதைப் பின்னியர் எளிதில் மறக்கவில்லை; ஆதலால் முதியவர்களிடம் இச்சொல்லைப் பயன்படுத்தும்போது கனிவு வேண்டும்.

இதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் பலரும் சொல்வது “குலாக்” எனப்படும் சோவியத் சிறைமுகாம்களைப் பற்றிய சோல்செனித்சினின் பெருநூலைத்தான். அதன் முதற்பகுதியின் பின்னிய மொழிபெயர்ப்பு 1974 இல் ஸ்டாக்ஹோமிலிருந்து வெளிவந்தது. பின்லாந்தின் பதிப்பகங்கள் அதை வெளியிடத் துணியவில்லை. அந்த நூலைத் தடைசெய்யும் சட்டம் ஏதும் நாட்டில் இல்லை. சட்டமில்லாத இந்த அடக்குதல் சட்டத்தோடு வரும் அடக்குதலைவிடப் பிடிக்கக் கடினமானது என்பது என் கருத்து. எதிர்த்து வழக்காடுவதற்கு ஆணையும் கிடையாது, அலுவலரும் கிடையாது.

இருட்டடிப்புக்கு இரு சொற்கள் பொருந்துகின்றன. அதிகாரிகள் ஒரு செய்தியை வெளியிடாமல் நிறுத்திவைப்பது “ஊதிஸ்பிமெந்தொ”. “ஊதினென்” செய்தி, “பிமெந்தொ” இருட்டு. நம் சொல்லிலும் இருட்டு, அவர்கள் சொல்லிலும் இருட்டு. ஒருவரையோ ஒரு நூலையோ பற்றிப் பேசவே பேசாமல் ஒழித்துவிடுவது “வையெதா குவொலியாக்ஸி”. “செத்துப்போகும்வரை மௌனமாயிருத்தல்” என்று அதைப் பிரித்துச் சொல்லலாம். எதிரணி இதழ்கள் ஓர் எழுத்தாளரை இருட்டடிப்புச் செய்தன என்று நாம் எழுதுவோமே, அதற்கு இதுவே உயிரோட்டமான ஈடு.

ஆயத்தமான நிகழ்ச்சியை ஒளிபரப்பாமல் வைத்துவிடுவதற்கு “ஹுல்லுத்தா” என்ற வினை உண்டு. “ஹுல்லு” என்றால் அலமாரித் தட்டு. நம் திரைத்துறையில் படம் பெட்டிக்குள் முடங்கியது என்கிறார்கள். அவர்களுக்கு அது தட்டில் ஏறிவிடுகிறது. ஒருவரை அவர் வகித்த பொறுப்பிலிருந்து தற்காலிகமாக ஒதுக்கிவைப்பதற்கும் இதே வினை வரும்.

பனைநிழல் எழுதியது:

ஒருவரைப் பேசவிடாமல் செய்வதற்கும், அவர் தாமே பேசாமல் இருப்பதற்கும் பின்னிய மொழியில் வேறுபாடு உண்டா? சுயதணிக்கையைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு மிக முக்கியம். எங்கள் ஊரில் அச்சத்தால் பேசாதிருந்தவர்களையும் வாய் அடைக்கப்பட்டவர்களையும் ஒரே சொல்லால் எழுதிவிடக் கூடாது என்று எப்போதும் நினைப்பேன்.

சொல்லாய்வன் எழுதியது:

உண்டு, மிகத் தெளிவாகவே உண்டு. “வையெதா” தன்வினை, மௌனமாதல். “வையென்தா” பிறவினை, மௌனமாக்குதல். நம் அடங்கு, அடக்கு என்ற இணையைப்போலவே இவை ஒரே வேரில் கிளைத்தவை. கிளர்ச்சியை ஒடுக்குதல், மூச்சை அடைத்தல், தீயை மூடி அணைத்தல் ஆகியவற்றுக்கு “துகஹ்துத்தா” வரும். கருத்துகளை நசுக்கிய ஆட்சி என்று வன்மையாக எழுத நேர்ந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஒரு வரியையோ படக்காட்சியையோ வெட்டியதற்கு அது மிகையாகிவிடும். அங்கே “பொய்ஸ்தா”, அதாவது நீக்குதல், போதும். 1944 இல் சோவியத் ஒன்றியத்துடனான போர்நிறுத்தத்துக்குப் பின் சோவியத் எதிர்ப்பு நூல்கள் எனக் கருதப்பட்டவை கடைகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் எடுக்கப்பட்டதைப் பின்னிய நூல்கள் பெரும்பாலும் இந்த அமைதியான வினையால்தான் சொல்கின்றன.

இலக்கணம் பற்றியும் ஒரு குறிப்பு. பின்னியச் செயப்பாட்டுவினையில் செய்தவரைச் சொல்ல இடமில்லை. “சென்சுரொய்தீன்” என்றால் தணிக்கை செய்யப்பட்டது என்று பொருள். யாரால் என்று அதனோடு ஒட்ட முடியாது. யாரோ மனிதர் செய்தார் என்பது மட்டும் புலப்படும். தமிழில் “ஆல்” உருபு சேர்த்து அரசால், ஆசிரியரால் என்று எழுதிவிடலாம். பழைய ஏடு காட்டிய அஞ்சல் உறை வாசகத்தில் செய்தவர் பெயர் வந்திருப்பதற்குக் காரணம் அது “மா” என்று முடியும் எச்ச வடிவம். அதற்கு முன் ஆறாம் வேற்றுமையில் செய்தவரைச் சொல்லலாம். மொழிபெயர்ப்பவர் மூலத்தில் இல்லாத எழுவாயைத் தாமாகச் சேர்த்துவிடாமல் இருக்க இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய ஏடு எழுதியது:

சட்ட மொழியையும் சேர்த்துவிடுகிறேன். முன்தணிக்கைக்குப் பேச்சிலும் எழுத்திலும் “என்னக்கொசென்சூரி” என்ற சொல் உண்டு. ஆனால் அரசமைப்புச் சட்டம் அச்சொல்லைப் பயன்படுத்தவில்லை. “எவரும் முன்கூட்டியே தடுக்காமல்” என்று பொருள்படும் “கெனென்க்கான் என்னகொல்தா எஸ்தாமத்தா” என்ற தொடரே 1919 ஆம் ஆண்டின் சட்டத்திலும், 2000 இல் நடைமுறைக்கு வந்த இன்றைய சட்டத்தின் 12 ஆம் பிரிவிலும் உள்ளது. சிறாரைக் காக்கத் தேவையான அளவுக்குப் படக்காட்சிகளுக்கு வரம்பு விதிக்க மட்டும் அப்பிரிவு இடம் தருகிறது.

தடுத்தல் என்ற இந்த “எஸ்தா” இணையக் காலத்தில் மீண்டும் பேசுபொருளானது. சிறார் பாலியல் படங்களைப் பரப்பும் அயல்நாட்டுத் தளங்களைத் தடுப்பதற்கான சட்டம் 2006 இல் வந்தபோது, சட்டத்தின் சொல் “எஸ்தொ”, அதாவது தடுப்பு. காவல்துறையின் தடுப்புப் பட்டியலைக் குறைகூறிய ஒரு பின்லாந்துத் தளமே 2008 இல் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, எதிர்ப்பாளர்களின் சொல் “நெத்திசென்சூரி”, இணையத் தணிக்கை. ஒரே செயலுக்கு இரு தரப்பும் இரு பெயரிட்ட இத்தகைய இடங்களில், எந்தத் தரப்பு பேசுகிறதோ அதன் சொல்லையே பெயர்க்கவேண்டும்.

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. தணிக்கையின் கீழ் மூன்று எண்கள் இடுகிறேன்: முதலில் சென்சூரியும் அதன் வினையும், இரண்டாவது தர்கஸ்துஸ், காலக் குறிப்புடனும் பயணச்சீட்டுப் பரிசோதகருடனும், மூன்றாவது கணக்குப் பொருள், அங்கிருந்து கணக்காய்வு என்ற தனிப் பதிவுக்கு வழிகாட்டல். இருட்டடிப்பு, சுயதணிக்கை, தடை ஆகியன தனித்தனித் தலைச்சொற்களாகும். ஒரே ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. அரசு ஆவணங்களில் சில வரிகளைக் கறுப்பு மையால் மறைத்துத் தருவதற்கு “முஸ்ததா” என்று எழுதலாமா?

மெய்ப்பு நோக்குநர் எழுதியது:

எழுதலாம். “முஸ்தா” என்றால் கறுப்பு; கறுப்பாக்குதல் என்ற பொருளில் அது ஆவணங்களுக்கு வழங்குகிறது. ஒருவரின் பெயருக்குக் களங்கம் கற்பித்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதால், “ஆவணத்தில்” என்ற குறிப்பைப் பதிவில் அடைப்புக்குள் சேர்த்துவிடுங்கள்.